ஜாட்டோபெக் பாணியில் 400 மீட்டர் பயிற்சி: எப்படி ஆரம்பிப்பது?

மாதக்கணக்கில் ஒரே வேகத்தில் 5 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள், நேரம் மட்டும் குறைய மாட்டேன் என்கிறதா? அப்போது வேகமாகவும் மெதுவாகவும் மாற்றி மாற்றி ஓடும் இன்டர்வல் பயிற்சியைத் தொட்டுப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. இதில் எமில் ஜாட்டோபெக்கைப் பார்த்துக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. செக்கோஸ்லோவாக்கியாவில் பாட்டா ஷூ ஆலைத் தொழிலாளியாக இருந்தவர், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கிவிட்டு, அதுவரை ஓடியே பார்க்காத மாரத்தானிலும் இறங்கி 2 மணி 23 நிமிடம் 3 விநாடியில் ஜெயித்தார். ஒரே ஒலிம்பிக்கில் இந்த மூன்றையும் வென்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

அவருடைய முறை ரொம்ப எளிது. 400 மீட்டர் வேகமாக, அப்புறம் 200 மீட்டர் மெதுவாக, திரும்பவும் 400. ஆரம்ப காலத்தில் ஐந்து 200, இருபது 400, மறுபடி ஐந்து 200 என்று ஓடியவர், பின்னாளில் சில நாட்களில் நூறு 400 வரை போனார். அந்த எண்ணிக்கையைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், நமக்கு வேண்டியது முறை மட்டும்தான். தலையை ஆட்டி, முகத்தைக் கோணி ஓடும் அவர் பாணியும் வேண்டாம்!

நிற்காமல் அரைமணி நேரம் ஓட முடிந்தால் ஆரம்பிக்கலாம். முதலில் கால் மணி நேரம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்குங்கள். டிராக் இருந்தால் உள் லேனில் ஒரு சுற்று 400 மீட்டர், இல்லாவிட்டால் வண்டி வராத தெருவில் போனில் அளந்துகொண்டால் போதும். ஷூவும் சாதாரண ரன்னிங் ஷூவே போதும், அவர் ராணுவ பூட்ஸ் போட்டுக்கொண்டே பயிற்சி செய்தவர்.

முதல் நாள் ஆறு சுற்றுக்கு மேல் வேண்டாம். வேகத்தில்தான் எல்லாரும் சொதப்புவார்கள். 5 கிலோமீட்டரை 30 நிமிடத்தில் முடிப்பவருக்கு 400 மீட்டருக்கு 2 நிமிடம் 24 விநாடி ஆகிறது, அவர் 2:15 முதல் 2:20க்குள் ஓடினால் சரி. முதல் சுற்று 'இவ்வளவுதானா' என்று தோன்றும், தோன்றட்டும். அந்தத் தெம்பில் 1:55க்குப் பறந்தால் நாலாவது சுற்றில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்றும் முதல் சுற்றும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால், அடுத்த வாரம் ஒரு சுற்று கூட்டலாம். கடைசிச் சுற்று ஐந்தாறு விநாடி கூடுதலாக இழுத்துவிட்டால் எண்ணிக்கையைத் தொடாமல் வேகத்தைக் குறையுங்கள்.

நடுவில் வரும் 200 மீட்டரில் நின்றுவிடாமல் மெல்ல ஓடுவது முக்கியம், ஏனென்றால் மூச்சு முழுசாக அடங்குவதற்குள் அடுத்த சுற்றைத் தொடங்கிப் பழகுவதில்தான் பலன் இருக்கிறது. ஹெல்சிங்கி 5,000 மீட்டரின் கடைசிச் சுற்றில் மூன்று பேர் ஜாட்டோபெக்கைத் தாண்டிப் போய்விட்டார்கள், கடைசி வளைவில் வெளிப்பக்கமாக வந்து எல்லாரையும் பிடித்தார். களைத்த காலோடு வேகம் எடுக்கப் பழகியவருக்குத்தான் அது முடியும்.

வாரத்துக்கு ஒரு தடவை போதும், மறுநாள் ஓய்வு அல்லது மெதுவான ஓட்டம். பந்தய வாரத்தில் சுற்றுகளைப் பாதியாக்கிவிடுங்கள். கால் எலும்பில் ஓர் இடத்தில் மட்டும் குத்தினால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போங்கள், மிச்சச் சுற்றுகளை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.