டிஷ் பாக்ஸிலிருந்து ஹோம் தியேட்டருக்கு 5.1: ஆறு சேனலும் குறையாமல் கொண்டுவருவது எப்படி

ஆறு ஸ்பீக்கரும் பாடுகின்றன. ஆனால் பின்னால் இருக்கும் இரண்டும் முன்னால் வருவதையே திருப்பிச் சொல்கின்றனவா? பெரும்பாலும் ஆம்ப் பழுதாக இருக்காது. 5.1 என்பது முன் இரண்டு, சென்டர், பின் இரண்டு, சப்-ஊஃபர் என்று ஆறு சேனல். செட்டாப் பாக்ஸுக்கும் ஆம்புக்கும் நடுவே ஏதோ ஓர் இடத்தில் அந்த ஆறு இரண்டாகச் சுருங்கியிருக்கும். அந்த இடத்தைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் சந்தேகப்பட வேண்டியது சிவப்பு, வெள்ளை, மஞ்சள் கேபிளை. மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. இரண்டு ஒயரில் இரண்டு சேனல்தான் போகும். நெல்லைப் பக்கம் வீடுகளில் இருக்கும், உள்ளூரில் பாகம் கோத்துச் செய்த அசெம்பிள் செட்டுகளில் பெரும்பாலும் புரோலாஜிக் போர்டு இருக்கும். அது அந்த இரண்டு சேனலையே பிரித்து ஆறு ஸ்பீக்கருக்கும் பங்கு போடுகிறது. கேட்க நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் அது ஒலிபரப்பில் வந்த 5.1 இல்லை.

பாக்ஸின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஹெச்டி பாக்ஸ் என்றால் ஹெச்டிஎம்ஐ நிச்சயம் இருக்கும். சில மாடல்களில் ஆப்டிகல் அல்லது கோஆக்சியல் அவுட்டும் இருக்கும். ஆப்டிகல் என்பது சிறு மூடி போட்ட சதுர ஓட்டை. பாக்ஸ் ஓடும்போது மூடியைத் தள்ளினால் உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும். கோஆக்சியல் என்பது தனியாக நிற்கும் ஒற்றை ஆர்சிஏ சாக்கெட், அதாவது சிவப்பு, வெள்ளை கேபிள் சொருகும் அதே வடிவம்.

அடுத்து மெனு. ஆடியோ செட்டிங்கில் பிசிஎம் (இங்கே இரண்டு சேனல் சாதா டிஜிட்டல் ஒலி) அல்லது ஸ்டீரியோ என்று இருந்தால் அதை டால்பி டிஜிட்டல், பிட்ஸ்ட்ரீம், சரவுண்ட் என்று அந்தப் பாக்ஸில் எந்தப் பெயரில் இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். இதோடு நிறுத்தக் கூடாது. ஒரே சேனலில் ஸ்டீரியோ டிராக்கும் டால்பி டிராக்கும் தனித்தனியாக வருவதுண்டு. ரிமோட்டில் ஆடியோ அல்லது மொழி பட்டனை அழுத்தி டால்பி டிராக்கைத் தேர்ந்தெடுங்கள். எல்லாச் சேனலும் 5.1 அனுப்புவதில்லை; ஸ்டீரியோவில் வரும் நிகழ்ச்சியை எந்தக் கேபிளாலும் 5.1 ஆக்க முடியாது. டால்பிக்கு மாற்றியபின் பாக்ஸ் ரிமோட்டின் வால்யூம் வேலை செய்யாமல் போகலாம். அது பழுதில்லை. ஒலி இனி பிரிக்கப்படாத தரவாகப் போவதால் வால்யூமை ஆம்பில்தான் கூட்ட வேண்டும்.

ஆப்டிகல் கேபிள் வாங்கும்போது இரண்டு மீட்டர் போதுமா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். ஐந்து மீட்டர் வரை தொல்லை இராது. இரு முனையிலும் ஒளி ஊடுருவும் குட்டிப் பிளாஸ்டிக் தொப்பி இருக்கும். அதைக் கழற்றாமல் சொருகிவிட்டு ‘சத்தமே வரலை’ என்று கேபிளைத் திருப்பிக் கொடுப்பவர்கள் ஏராளம். பிளக்கின் வடிவம் பார்த்து, ‘டிக்’ என்று உட்காரும்வரை தள்ளுங்கள். சுவர் மூலையில் மடக்கி ஆணி அடிக்காதீர்கள். உள்ளே இருப்பது பிளாஸ்டிக் இழை. ஒரு கைப்பிடி வளையமாகச் சுற்றலாம், மடித்தால் ஒளி செத்துவிடும்.

கோஆக்சியலுக்கு 75 ஓம் கேபிள் வேண்டும். டிஷ் மாட்டியபோது மிஞ்சிய ஆர்ஜி-6 கேபிளும் 75 ஓம்தான். இரு முனையிலும் எஃப் கனெக்டர் (டிஷ் கேபிள் முனையில் இருக்கும் திருகு வகை) போட்டு, எஃப்-ஆர்சிஏ அடாப்டர் மாட்டினால் பத்து மீட்டர் தூரத்துக்குக்கூட நல்ல டிஜிட்டல் கேபிள் கிடைத்துவிடும்.

ஆம்பில் ஆப்டிகல் இன்புட் இருந்தால் நேராக மாட்டிவிடலாம். ஆறு ஆர்சிஏ சாக்கெட் மட்டும் உள்ள அசெம்பிள் செட்டுக்கு நடுவில், டால்பியை ஆறு சேனலாகப் பிரித்துத் தரும் ஒரு டிகோடர் பெட்டி வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆப்டிகலை ஆர்சிஏ ஆக்கும் விலை குறைந்த டாக் (DAC, டிஜிட்டலைச் சாதா ஒலியாக்கும்) பெட்டிக்கு பிசிஎம் மட்டும்தான் தெரியும். டால்பி கொடுத்தால் ஒன்று ஊமையாகிவிடும், இல்லாவிட்டால் ‘கர்ர்’ என்று இரையும். அட்டையில் ஏசி3 (டால்பி டிஜிட்டலின் இன்னொரு பெயர்) டிகோடர் என்று போட்டிருக்கிறதா, ஆறு அவுட் இருக்கிறதா என்று கடைக்கார அண்ணாச்சியிடம் கேட்டு வாங்குங்கள். அதன் அவுட்டுகள் முன் இரண்டு, பின் இரண்டு, சென்டரும் சப்-ஊஃபரும் ஒரு ஜோடி என்று இருக்கும். இந்தக் கடைசி ஜோடி மாறினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்: வசனம் எல்லாம் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் சப்-ஊஃபரில் முழங்கும், சென்டர் ஸ்பீக்கர் ‘தொம் தொம்’ என்று திணறும். அந்த ஜோடியின் இரண்டு பிளக்கையும் மாற்றிப் போட்டால் சரி.

டிகோடரில் ஏசி3 விளக்கு எரிய வேண்டும், அல்லது ஆம்பின் திரையில் டால்பி டிஜிட்டல் என்று வர வேண்டும். பிசிஎம் என்று காட்டினால் மறுபடி பாக்ஸ் மெனுவுக்குப் போங்கள். காதை நம்புவதைவிட இந்த விளக்கை நம்புவது நல்லது.

பாக்ஸில் ஹெச்டிஎம்ஐ மட்டும்தானா? ஹெச்டிஎம்ஐ உள்ள ஏவி ரிசீவர் (படமும் ஒலியும் வாங்கி, படத்தை டிவிக்கு அனுப்பும் ஆம்ப்) இருந்தால் பாக்ஸ், ரிசீவர், டிவி என்ற வரிசையில் கட்டுவதே சிறந்தது. சவுண்ட்பாருக்கு டிவியில் ஏஆர்சி (டிவியிலிருந்து ஒலியைத் திருப்பி அனுப்பும் வழி) என்று எழுதிய ஹெச்டிஎம்ஐ போர்ட்டை மட்டும் பயன்படுத்துங்கள். பக்கத்துப் போர்ட்டில் ஒலி திரும்பி வராது. டிவியில் சிஇசி (ஹெச்டிஎம்ஐ வழியே கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதி) ஆன், டிஜிட்டல் ஆடியோ அவுட் ஆட்டோ அல்லது பாஸ்த்ரூ (வந்த ஒலியை அப்படியே விடுவது) என்று வையுங்கள். பாக்ஸை டிவியில் மாட்டி, டிவியின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து எடுப்பது கடைசி வழி. பழைய டிவிகள் பல, ஹெச்டிஎம்ஐ வழியே வந்த ஒலியை அதில் ஸ்டீரியோவாகச் சுருக்கித்தான் விடும்.

டிவி பழசு, ஆம்பும் அசெம்பிள் செட் என்றால் ஹெச்டிஎம்ஐ ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் வாங்குங்கள். பாக்ஸுக்கும் டிவிக்கும் நடுவே அது உட்கார்ந்து ஒலியை ஆப்டிகலில் பிரித்துத் தரும். அதில் பாஸ், 2.0, 5.1 என்று ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். அதுதான் உயிர்நாடி. பாக்ஸ் எப்போதும் எதிரே இருக்கும் கருவியிடம் ‘உனக்கு எத்தனை சேனல் புரியும்?’ என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்பும். பாஸில் வைத்தால் டிவி பதில் சொல்லும்: இரண்டு. 5.1-இல் வைத்தால் எக்ஸ்ட்ராக்டரே பதில் சொல்லிவிடும். சுவிட்சை மாற்றியபின் பாக்ஸை அணைத்துப் போடுங்கள். அப்போதுதான் மறுபடி கேட்கும்.

உதடு முன்னே, வசனம் பின்னே என்றால் டிவியின் பட மெருகேற்றல்களை மாற்றாதீர்கள். ஆம்பின் ஆடியோ டிலேயைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். படம் பிந்தி, ஒலி முந்தினால் டிலேயை 20 மில்லி செகண்டாகக் கூட்டிக்கொண்டே போங்கள்.

ப்ளூடூத் ஹெட்போனுக்கு 5.1 வேண்டாம். ஆப்டிகல் இன்புட் உள்ள ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர்களுக்குப் பெரும்பாலும் பிசிஎம்தான் புரியும், ஆகவே அப்போது மட்டும் மெனுவை பிசிஎம்முக்கு மாற்றுங்கள்.

ஆனி, ஆடிக் காற்றில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் ஒலி விட்டு விட்டு வந்தால் கேபிளைப் பிரிக்கும் முன் மாடிக்குப் போய் டிஷ்ஷின் நட்டைப் பாருங்கள். டிஷ் லேசாக அசைந்து சிக்னல் குவாலிட்டி குறைந்தால், படம் கட்டம் கட்டமாக உடைவதோடு டால்பியும் அறுந்து அறுந்து சேரும்.

ஐப்பசி, கார்த்திகை இடிக்கு ஆப்டிகல் ஒரு பெரிய காப்பு. மின்னலின் பாய்ச்சல் டிஷ் கேபிள் வழியே பாக்ஸுக்குள் வந்தாலும் பிளாஸ்டிக் இழையில் ஆம்புக்குத் தாவ முடியாது. ஆம்பில் ‘ம்ம்ம்’ என்ற எர்த் இரைச்சலும் அந்த வழியே வராது. ஆனால் ஹெச்டிஎம்ஐ செம்புக் கம்பி. அது மாட்டியிருந்தால் டிவிக்கு ஆபத்து இருக்கத்தான் செய்யும். ஆகவே வானம் இருட்டும்போதே, இடி நெருங்கும் முன், பிளக்கை மட்டும் பிடுங்காமல் பாக்ஸின் பின்னால் இருக்கும் டிஷ் கேபிளையும் திருகிக் கழற்றி வையுங்கள்.