சர்வர் ஒரு எடத்துல, நீங்க ஒரு எடத்துல: கன்சோல் விஷயத்துல செய்யக்கூடாத தப்புகள்

நம்ம திருநெல்வேலி பக்கம் நெறைய எடத்துல சர்வர் டவுன்ல ஒரு சின்ன ஏசி ரூம்ல கெடக்கும், அதப் பாத்துக்கிடுத ஆளு பாளையங்கோட்டையிலயோ சென்னையிலயோ உக்காந்து எஸ்எஸ்ஹெச்ல (நெட் வழியா சர்வருக்குள்ள போயி கமாண்ட் அடிக்குத வழி) பாப்பாரு. நெட்வொர்க் செட்டிங் கெட்டுச்சுன்னா எஸ்எஸ்ஹெச்சும் சேந்து போயிரும். அப்பதான் டெல்லுல ஐடிராக், ஹெச்பில ஐலோன்னு, சர்வர் ஆஃப்ல இருந்தாக்கூட வேலை செய்யுத தனி கன்சோல (சர்வரோட ஸ்கிரீனையும் கீபோர்டையும் தூரத்துல இருந்தே புடிக்குத வழி) தேடுதாங்க, பாத்தா அதுக்குன்னு உள்ள நெட்வொர்க் போர்ட்ல கேபிளே சொருவல.

2023 டிசம்பர் 17, 18 மழைய நெனச்சுப் பாருங்க, ஜங்ஷன் பூரா தண்ணி, அன்னைக்கு யாரு போயி மானிட்டர் மாட்டுவா? வாங்குன அன்னைக்கே கேபிள் மாட்டி, தூரத்துல இருந்து ஸ்கிரீன் வருதான்னு பாத்துருங்க. ஐடிராக்ல ஸ்கிரீன் தெரியதுக்கு பொதுவா என்டர்பிரைஸ் லைசென்ஸ் வேணும், அது இல்லன்னு அவசரத்துல தெரிஞ்சா ரொம்ப கஷ்டம். அப்புறம் சர்வர மட்டும் யூபிஎஸ்ல வச்சிட்டு சுவிட்சையும் மோடத்தையும் சாதா பிளக்ல சொருவி வச்சிருப்பாங்க, கரன்ட் போனா சர்வர் ஓடும், உங்களால உள்ள போவ முடியாது.

அதுக்காவ ஐடிராக்குக்கு பப்ளிக் ஐபி (இன்டர்நெட்ல யாரு வேணாலும் தட்டக்கூடிய அட்ரஸ்) குடுத்துராதீங்க, தயவுசெஞ்சு. பழைய டெல்லுல வாங்கையிலயே போட்டு வாரது யூசர் ரூட், பாஸ்வேர்ட் கால்வின்னு எல்லாருக்கும் தெரியும். மாத்திட்டோம்லான்னு சொன்னாலும் பத்தாது, ஐபிஎம்ஐ 2.0ல (இந்த மாதிரி கன்சோலுங்க பேசுத பொது முறை) யூசர் பேரு தெரிஞ்சாலே லாகின் பண்ணாம பாஸ்வேர்ட் ஹாஷ (பாஸ்வேர்ட உருமாத்தி வச்ச வடிவம்) வாங்கி உக்காந்து உடைக்கலாம். விபிஎன் (வெளியாளு நுழைய முடியாத தனி நெட்வொர்க்) உள்ளதான் வைக்கணும்.

ரிமோட்ல ஐபி மாத்துதீங்களா? உபுண்டு லினக்ஸ்ல நெட்வொர்க் செட்டிங்க மாத்துத நெட்பிளான் அப்ளை கமாண்ட் வேண்டாம், நெட்பிளான் ட்ரை அடிங்க, 120 செகண்டுக்குள்ள என்டர் தட்டலேன்னா பழைய செட்டிங்குக்கே திரும்பிரும். பெரிய அப்டேட்னா டிமக்ஸ்குள்ள (சர்வர்லயே தொறந்து கெடக்குத டெர்மினல்) ஓட்டுங்க, லைன் கட்டானாலும் வேலை நிக்காது. ரீபூட்டுக்கு பதிலா ஷட்டவுன் அடிச்சிறவும் கூடாது.

இன்னொன்னு, ஐடிராக் ஸ்கிரீனும் அங்கன மாட்டுன மானிட்டரும் ஒண்ணுதான். நீங்க ரூட்டா (எல்லா அதிகாரமும் உள்ள யூசரா) லாகின் பண்ணி விண்டோவ மூடிட்டா அங்க ரூட் அப்படியே தொறந்து கெடக்கும், ஏசி ரிப்பேருக்கு வந்தவரு கூட தட்டலாம். நீங்க டைப் அடிக்கையில அங்க ஒருத்தர் கீபோர்ட தொட்டா ரெண்டும் ஒரே கமாண்ட்ல போயி விழும், அதனால மொதல்ல போன் போட்டு "அண்ணாச்சி, நான் உள்ள இருக்கேன், கீபோர்ட தொடாதீங்க"ன்னு சொல்லிட்டு ஆரம்பிங்க, முடிச்சதும் எக்சிட் அடிச்சு லாகின் ஸ்கிரீன் வந்துட்டான்னு பாத்துட்டு வெளிய வாங்க.