வன உயிரினக் குற்ற வழக்குகள்: ரேஞ்சர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையும் களவுமாகப் பிடிபட்டவரே விடுதலையாகிப் போவதுண்டு. அப்படிப்பட்ட தீர்ப்புகளைப் புரட்டினால் காரணங்கள் திரும்பத் திரும்ப ஒன்றுபோலவே இருக்கும். மகஜரில் (பறிமுதல் விவரத்தைச் சாட்சிகளோடு எழுதும் ஆவணத்தில்) ஒரு நேரம், கைதுக் குறிப்பில் வேறு நேரம். ஆய்வகத்துக்குப் போன பாட்டிலில் சீல் சரியில்லை. வாக்குமூலம் பதிவு செய்தவருக்கு அதற்கான அதிகாரமே இல்லை. இவற்றில் பல, பிடிபட்ட முதல் நாளிலேயே நடந்துவிடுகிற தவறுகள். வனவரும் வனக்காப்பாளரும் வேட்டைத் தடுப்புக் காவலரும் இரவெல்லாம் ஓடியிருப்பார்கள். எதை, எந்த வரிசையில், யார் செய்வது என்று பார்க்க வேண்டிய பொறுப்பு ரேஞ்சருடையது, அதாவது வனச்சரக அலுவலருடையது.

ஆபீசில் உட்கார்ந்து எழுதும் மகஜர்

ஆளையும் பொருளையும் ஜீப்பில் ஏற்றி ரேஞ்ச் ஆபீசுக்குக் கொண்டுவந்து, நிதானமாக மகஜர் எழுதுவது பழகிப்போன தவறு. குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அங்கேதான் விழும். மகஜரைச் சம்பவ இடத்திலேயே எழுதுங்கள். ஜி.பி.எஸ். எண் மட்டும் போதாது. பக்கத்தில் உள்ள சர்வே கல்லிலிருந்தோ பாலத்திலிருந்தோ எத்தனை மீட்டர், எந்தத் திசை என்பதும் இருக்கட்டும். சாட்சி இருவரும் துறை ஊழியர்களாகவே இருந்தால் வழக்கு பலவீனப்படும். நடுக்காட்டில் வெளி ஆள் கிடைக்கவில்லை என்றால், யாரைக் கூப்பிட்டோம், ஏன் வரவில்லை என்று மகஜரிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

‘சுமார் 2 கிலோ மான் கறி’ என்று எழுதுவது ஒரே வரியில் இரண்டு தவறு. எடை ‘சுமார்’ ஆக இருக்கக் கூடாது. ஆய்வக அறிக்கை வருவதற்கு முன் அது மான் கறி என்று முடிவு கட்டவும் கூடாது. ‘வெள்ளை பாலித்தீன் பையில், தோல் நீக்கிய, மான் இறைச்சி எனச் சந்தேகிக்கப்படும் 7 துண்டுகள், எடை 2.140 கிலோ’ என்பதுபோல எழுதினால் பின்னால் யாரும் அசைக்க முடியாது. ஆய்வகம் ஆட்டுக்கறி என்று சொல்லிவிட்டாலும், நீங்கள் பொய் எழுதியதாக ஆகாது.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு, தேடுதலையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. பொருள்களைப் பட்டியலிடுவதும் சாட்சிகள் கையெழுத்திடுவதும் அந்தப் பதிவுக்குள் வர வேண்டும். பலர் பொருளைப் படம் பிடித்ததுமே கேமராவை நிறுத்திவிடுகிறார்கள். பதிவு செய்த போனிலேயே மூலக் கோப்பு இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கோப்பு சுருங்கி, அதன் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பு மாறிவிடும், பிறகு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவின்படியான மின்னணுச் சான்றிதழோடு அது ஒத்துப்போகாது. எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, பொருளோடு நிற்க வைத்துப் படம் எடுத்து குரூப்பில் போடும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். அடையாள அணிவகுப்பு நடத்த வேண்டிய வழக்கில் அந்த ஒரு படமே எதிர்த்தரப்புக்குப் போதும்.

மாதிரி எடுப்பதில் கெடுவது

மரபணுச் சோதனைக்குப் போகும் சதையை ஃபார்மலினில் போடவே கூடாது. ஃபார்மலின் மரபணுவைச் சிதைத்துவிடும். 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில், சதையைப்போல ஐந்து மடங்காவது திரவம் இருக்கும்படி போடுங்கள். பெரிய துண்டாகப் போட்டால் உள்ளே எத்தனால் இறங்காமல் நடுவில் அழுகும். நெல்லிக்காய் அளவு போதும். ஒவ்வொரு துண்டுக்கும் கையுறையையும் பிளேடையும் மாற்றுங்கள். ரத்தம் தோய்ந்த துணி, கத்தி, இலை போன்றவற்றை நிழலில் உலர்த்திக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடித்துவிடும்.

விஷம் வைத்த வழக்கு வேறு. இரைப்பை அதன் உள்ளடக்கத்தோடு ஒரு ஜாடி, ஈரலும் சிறுநீரகமும் தனி ஜாடி, இரண்டிலும் நிறைசெறிவுற்ற உப்புக் கரைசல். அதே கரைசலில் கொஞ்சம் வெறுமனே ஒரு பாட்டிலில் சேர்த்து அனுப்ப வேண்டும். இல்லையென்றால் விஷம் கரைசலிலேயே இருந்தது என்று வாதிட இடம் கிடைக்கும். அரக்கு முத்திரையின் மாதிரிப் பதிவையும் நீதிமன்றம் வழியாகப் போகும் கடிதத்தோடு இணைக்க மறக்காதீர்கள்.

மின்வேலி

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. கூட இருந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. இத்தகைய சம்பவங்களில் ஆதாரம் மிக வேகமாக மறையும். நீங்கள் போய்ச் சேரும் முன் கட்டுக்கம்பியைச் சுருட்டிக் கிணற்றில் போட்டிருப்பார்கள். எனவே முதலில் போகும் காவலருக்கு இரண்டே வேலை. மின்வாரிய ஆள் வந்து மின்சாரத்தைத் துண்டித்ததாக உறுதி செய்யும்வரை யாரையும் நெருங்க விடாமல் பார்ப்பது, தள்ளி நின்றே கம்பி போகும் வழி முழுவதையும் படமெடுப்பது. கொக்கி போட்டு நேராக லைனில் எடுத்தார்களா, மோட்டார் அறையிலிருந்து இழுத்தார்களா என்பதை மின்வாரிய உதவிப் பொறியாளரின் எழுத்துப்பூர்வமான அறிக்கை சொல்ல வேண்டும். உங்கள் ஊகம் செல்லாது. பிரேதப் பரிசோதனையில் தும்பிக்கையிலோ காலிலோ உள்ள தீக்காயத் தோலை மாதிரியாக எடுக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) கிடைத்தால் யாரும் கையில் எடுக்கக் கூடாது. வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவு வரும்வரை காத்திருங்கள்.

காவலில் இருப்பவரும் வாக்குமூலமும்

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 50(8) பிரிவின் கீழ் சாட்சியம் பதிவு செய்யும் அதிகாரம், அரசு அதிகாரமளித்த, உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அலுவலருக்கே உண்டு. ரேஞ்சரே எழுதி, ‘50(8) வாக்குமூலம்’ என்று தலைப்பிடுவதால் எந்தப் பயனும் இல்லை. எதிரியின் முன்னிலையில் எடுக்கப்பட்டால்தான் 50(9)-இன்படி அது விசாரணையில் ஏற்கப்படும். முன்னிலையில் எடுத்ததற்கான குறிப்பும் கையெழுத்தும் அதிலேயே இருக்க வேண்டும்.

அடித்து வாங்கும் ஒப்புதல் வழக்குக்கும் உதவாது, மனிதருக்கும் அநீதி. கைதுக்கான காரணத்தை எழுத்தில் கொடுங்கள், வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள், மருத்துவப் பரிசோதனை செய்யுங்கள், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துங்கள். மலைவாழ் மக்களின் மொழி தெரிந்தவரை உடன் வையுங்கள். 1992-இல் வாச்சாத்தியில் மலைவாழ் மக்கள் மீது சந்தனமரத் தேடுதல் என்ற பெயரில் நடந்த கொடுமைகளுக்காக 2011-இல் 215 அரசு ஊழியர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 2023 செப்டம்பரில் அதை உறுதி செய்த சென்னை உயர்நீதிமன்றம், அன்றைய ஆட்சியர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. கீழே இருப்பவர்கள் செய்தார்கள் என்று மேலதிகாரி ஒதுங்கிக்கொள்ள முடியாது.

தகவல் தந்தவரின் பெயர் மகஜரிலோ வாக்குமூலத்திலோ எங்கும் வரக் கூடாது. அவர் அந்த ஊரிலேயே வாழ வேண்டியவர்.

அட்டவணையும் புகார் மனுவும்

கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய மாதிரியை அப்படியே பெயர் மாற்றி அச்சிடுவதால் வரும் தவறு இது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. இனங்களைப் பட்டியலிடும் ஆறு அட்டவணைகள் நான்காகிவிட்டன, பல இனங்கள் இடம் மாறிவிட்டன. ‘அட்டவணை இரண்டு, பகுதி இரண்டு’ என்று இன்றைய குற்றத்துக்கு எழுதினால் அப்படி ஒரு பகுதியே கிடையாது. குற்றம் நடந்த தேதியைப் பார்த்து, அன்று இருந்த அட்டவணையைப் போடுங்கள். முதல் அட்டவணை இனம் என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை என்பதால், இந்த ஒரு வரி தண்டனையையே மாற்றிவிடும்.

பிரிவு 57 எதிரி மீது நிரூபிக்கும் சுமையை ஏற்றுவது உண்மைதான். ஆனால் பொருள் அவர் வசம் இருந்தது என்பதை முதலில் நாம்தான் நிரூபிக்க வேண்டும். வீட்டில் கிடைத்தது என்றால் வீடு யாருடையது, யார் குடியிருக்கிறார்கள் என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் மின் கட்டண ரசீதும் வாங்கி வையுங்கள்.

55-ஆம் பிரிவின்படி அதிகாரம் பெற்ற அலுவலரின் புகார் மனு இல்லாமல், போலீஸ் குற்றப்பத்திரிகையை மட்டும் வைத்து நீதிமன்றம் இந்தச் சட்டக் குற்றத்தை விசாரணைக்கு எடுக்க முடியாது. போலீசும் சேர்ந்து பிடித்த வழக்குகளில் இருதரப்பும் மற்றவர் போடுவார் என்று காத்திருந்து நாள் கடத்திவிடுகிறார்கள். எதிரி சிறையில் இருந்தால், அந்த நாள் தாண்டினால் அவருக்கு ஜாமீன் உரிமை வந்துவிடும் என்பதால், 60-ஆம் நாளை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அதற்கு ஒரு வாரம் முன்பே மனுவைத் தாக்கல் செய்யுங்கள். ஆய்வக அறிக்கை வரவில்லை என்றால், அது பின்னர் தாக்கல் செய்யப்படும் என்று மனுவிலேயே குறிப்பிடலாம். அதிகாரமளித்த அரசாணையின் நகலை முதல் நாளே இணைத்துவிடுங்கள்.