முள்தோள் நாவாய்ப்பூச்சி வளர்ப்பு: முதல் இரண்டு நாள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

மல்லாட்டை (நிலக்கடலை) வயலில் இலை தின்னும் புரொடீனியா புழு பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் இந்தப் பூச்சியை முதன்முதலில் உற்றுப் பார்த்தேன். தன்னைவிட இரு மடங்கு நீளமான புழுவை ஊசி வாயில் குத்தித் தலைகீழாகத் தொங்கவிட்டபடி சாவகாசமாக உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதற்கு முன் எத்தனை பூச்சிகளைச் சாறுண்ணி என்று நினைத்து நசுக்கியிருப்பேனோ, கணக்கில்லை.

அறிவியல் பெயர் இயோகாந்திகோனா ஃபர்செல்லேட்டா. இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இயல்பாகவே வாழ்கிறது. எங்கிருந்தும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. புரொடீனியா, பச்சைக்காய்ப்புழு, கம்பளிப்புழு என்று புழு இனம் எதுவானாலும் விடாது. 2018-இல் கர்நாடகத்தில் தலைகாட்டி இங்கும் பரவிய மக்காச்சோளப் படைப்புழுவையும் தின்கிறது. அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் இதை நம்பாதீர்கள். அவற்றுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

வாயைப் பாருங்கள்

வளர்ந்த பூச்சி பழுப்பு நிறம், ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீளம், இரு தோள்களிலும் கூர்மையான முள். ஆனால் பயிரைக் கெடுக்கும் நாவாய்ப்பூச்சிகள் சிலவற்றுக்கும் முள் உண்டு. அதனால் முள்ளை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். சாறு உறிஞ்சுபவற்றின் ஊசி மெலிதாக, வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும். இரைவிழுங்கியின், அதாவது மற்ற பூச்சிகளைப் பிடித்துத் தின்பவற்றின், ஊசி தடித்திருக்கும். தலைக்கு முன்னால் நேராக நீட்ட முடியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். கைப்பேசியில் மாட்டும் லென்ஸ் எனக்குப் பிடிக்காது. அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் பூச்சி அடுத்த செடிக்குப் போயிருக்கும்.

முட்டை

ஆணும் பெண்ணும் பின்புறம் ஒட்டியபடி நெடுநேரம் இருக்கும். அப்படி ஒரு இணை கண்ணில் பட்டால் இலையோடு டப்பாவில் விழச் செய்யுங்கள். கையால் பிடித்தால் நாற்றம் சோப்புக்கும் எளிதில் போகாது. டப்பாவில் ஓர் ஆமணக்கு இலை, நாலைந்து புழு, நனைத்த பஞ்சு. இலையிலோ டப்பாச் சுவரிலோ வரிசை வரிசையாக முட்டையிடும். லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு முட்டையும் குட்டிப் பீப்பாய் போல, விளிம்பைச் சுற்றி நீண்ட முடிகளோடு தெரியும். கோடையில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரிந்துவிடும்.

நான் தோற்ற இடம்

முதல் முறை பொரித்த குஞ்சுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சிவப்பும் கறுப்புமாக முட்டை ஓடுகளின் மேலேயே குவிந்து உட்கார்ந்திருந்தன. பசியால் சோர்ந்துவிட்டன என்று நினைத்தேன். சின்னப் புழுக்களை உள்ளே விட்டேன். தொடவில்லை. நெரிசலோ என்று தூரிகையால் பிரித்து நான்கு டப்பாக்களில் போட்டேன். அடுத்த நாள் பாதி செத்திருந்தன. மீதியும் செத்துவிடுமோ என்ற பதற்றத்தில் இன்னும் புழு போட்டேன். அந்தப் புழுக்களின் எச்சமும் ஈரமும் சேர்ந்து பூஞ்சணம் பிடித்ததுதான் மிச்சம்.

இரண்டாம் முறைதான் விளங்கியது. முதல் பருவக் குஞ்சு, அதாவது பொரித்ததிலிருந்து முதல் தோலுரிப்பு வரை உள்ளது, வேட்டையாடுவதே இல்லை. அதற்குத் தேவை ஈரமும், கூடவே தன் கூட்டமும். பிழிந்த ஈரப்பஞ்சு ஒரு துண்டு, பிஞ்சு அவரைக்காய் ஒன்று வையுங்கள். சொட்டும் அளவுக்கு ஈரம் இருந்தால் குஞ்சு அதில் ஒட்டிக்கொண்டு மூழ்கிவிடும். பிறகு மூடிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். இரண்டு நாளில் தோலுரித்து, தானாகக் கலைந்து நடக்கத் தொடங்கும். அப்போதுதான் புழு.

தீனி

இரண்டாம் பருவத்துக்கு உயிருள்ள முரட்டுப் புழுவைக் கொடுத்தால் உதறித் தள்ளிவிடும். கை பொறுக்காத சூட்டு நீரில் புழுவைச் சில நொடி முக்கி, துடைத்துப் போடுங்கள். மூன்றாம் பருவத்திலிருந்து உயிருள்ளவையே நல்லது. பயிற்சியாகவும் இருக்கும். உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் ஒட்டுண்ணிக் குளவி வளரும் முட்டைகளை ஒட்டிய காகித அட்டைக்காக வளர்க்கும் அரிசி அந்துப்பூச்சியின் புழுவும் உதவும். நான் வரப்பு ஆமணக்கில் பொறுக்குவதோடு சரி. மருந்தடித்த வயலிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். ஒருமுறை பக்கத்து வயல் புழுவைப் போட்டு ஒரு டப்பா முழுவதையும் இழந்தேன்.

தீனி குறைந்தால் ஒன்றையொன்று குத்தித் தின்னும். ஒரு டப்பாவில் பதினைந்துக்கு மேல் வேண்டாம். மடித்த காகிதமோ காய்ந்த இலையோ போட்டால் ஒளிய இடம் கிடைக்கும்.

வயலில் விடுதல்

மாலை வெயில் தாழ்ந்த பிறகு, மூன்றாம் பருவத்தில் விடுங்கள். சிறகு முளைத்த பூச்சி பறந்து யார் வயலுக்கோ போய்விடும். குஞ்சு விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே சுற்றும். புழு தென்படும் செடிகளாகப் பார்த்து இலையோடு வையுங்கள். மண்ணில் கொட்டினால் எறும்புக்கு விருந்து. அடுத்த ஈட்டுக்கு ஏழெட்டை வீட்டிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை 1: கொசுவலை மூடி போட்ட டப்பாவில் குஞ்சுகளைக் காணவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். தவறு என்னுடையது, மூடியைப் பற்றி நான் சொல்லவே இல்லை. சின்னக் குஞ்சு கொசுவலைக் கண்ணில் நுழைந்துவிடும். முதல் இரண்டு பருவத்துக்கும் காடாத் துணி, பிறகு கொசுவலை.

பிற்சேர்க்கை 2: வயலில் எடுத்த முட்டைகளிலிருந்து குஞ்சுக்குப் பதிலாகக் கறுப்புத் தூசி போன்ற பூச்சி பறந்ததாக ஒருவர் கேட்டிருந்தார். அது முட்டை ஒட்டுண்ணிக் குளவி. வயல் முட்டைகளைத் தனி டப்பாவில் பொரிக்க விடுங்கள், வீட்டில் இட்ட முட்டைகளோடு கலக்காதீர்கள்.

பிற்சேர்க்கை 3: இதை வளர்க்கலாமா என்று கேட்ட, பட்டுப்புழு மனை வைத்திருக்கும் வாசகருக்கு: வேண்டாம். ஜார்கண்டில் மருத மரங்களில் திறந்தவெளியில் தசார் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு இதே பூச்சிதான் எதிரி. உங்கள் புழு மனைக்குள் இருந்தாலும் மல்பெரித் தழையோடு ஒன்றிரண்டு உள்ளே வந்துவிட்டால், பயிர்ப்புழு எது, பட்டுப்புழு எது என்று அது பார்க்காது.