பட்டுப்புழு மனையில் மலிவு ஈரப்பத மீட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடுமலை, கோபி பக்கம் புழு மனைக்குள் போனால், 300 ரூபாய்க்குள் வாங்கிய டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் ஒன்று எங்காவது தொங்கும். 71 என்று காட்டினால் 71 தான் என்று நம்பி ஜன்னலை மூடுகிறோம், திறக்கிறோம். இந்த விலை மீட்டர்களில் 5 புள்ளி கூடக்குறைய இருப்பது சகஜம். 71 என்பது 66 ஆகவும் இருக்கலாம், 76 ஆகவும் இருக்கலாம். சில மீட்டர்கள் 71.4 என்று புள்ளி வைத்துக் காட்டும். அது திரையின் அழகு, துல்லியம் இல்லை.

தோலுரிப்புக்குத் தோலுரிப்பு ஒரு பருவம் என்று எண்ணினால், நாலாம் பருவப் புழுவுக்கு 25 டிகிரியில் 70–75 சதவீதம், ஐந்தாம் பருவத்துக்கு 24 டிகிரியில் 65–70 சதவீதம் என்பது கணக்கு. இந்த இடைவெளியே 5 புள்ளிதான், மீட்டரின் பிழையும் அவ்வளவே. உண்மையில் 78 இருக்கும்போது மீட்டர் 73 காட்டினால், எச்சமும் மிச்ச மல்பெரித் தழையும் ஈரமாகவே கிடந்து சுண்ணாம்புக்கட்டி நோய்க்கு வழி விடும். நிஜத்தைவிடக் கூடுதலாகக் காட்டினால் பங்குனி, சித்திரைக் காற்றில் தழை வாடுவது தெரியாது. புழுவுக்குத் தண்ணி கிடைப்பதே தழையில் இருந்துதான்.

சோதிக்காமல் மாட்டுவதுதான் பெரிய தவறு, சோதனைக்குச் செலவும் கிடையாது. சின்ன மூடியில் இரண்டு ஸ்பூன் தூள் உப்பு போட்டு, ஈர மணல் பதத்துக்கு மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணி விடுங்க. உப்பு கரைந்து தண்ணியாக நின்றால் கணக்குத் தப்பும். மீட்டரையும் மூடியையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒன்றாக வைத்து, வெயில் படாத இடத்தில் ஒரு ராத்திரி விடுங்க. உள்ளே 75 சதவீதம் நிற்கும். 25 டிகிரி ஆனாலும் 30 டிகிரி ஆனாலும் இது பெரிதாக மாறாது. காலையில் மீட்டர் 79 காட்டினால் 4 கழிக்கணும் என்று ஸ்டிக்கரில் எழுதிப் பின்னால் ஒட்டிவிடுங்க. கல்லுப்பு வேண்டாம். அதில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் உப்பு ஈரத்தைக் கூடுதலாக இழுத்து, டப்பாவுக்குள் அளவைக் குறைத்துவிடும்.

இந்தச் சோதனை 75-க்குப் பக்கத்தில்தான் செல்லும். முதல் பருவங்களில் புழுவை வளர்த்துத் தரும் சாக்கி சென்டரில் இருந்து புழு வாங்குகிறவர்களுக்கு அது போதும். முதல் பருவத்தையே வீட்டில் வளர்ப்பவர்களுக்கு 85–90 வேண்டும். அந்த உயரத்தில் மலிவு மீட்டர் எப்படி நடந்துகொள்ளும் என்று 75-ஐ வைத்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது, மாட்டும் இடம். ஈரச் சாக்குக்குப் பக்கத்திலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலும் மாட்டினால் அங்குள்ள ஈரத்தையே படிக்கும். காற்றில் உள்ள நீராவியின் அளவு மாறாவிட்டாலும், 25 டிகிரியில் இருக்கும் 75 சதவீதம் 26 டிகிரியில் 71 ஆகிவிடும். மேல் தட்டுக்கும் கீழ் தட்டுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தாலே மீட்டர் ஒத்துப்போகாது. அதற்காக மீட்டரைத் திட்டிப் பயனில்லை. புழு இருக்கும் தட்டு மட்டத்தில், நடுவில் வையுங்க.

பழைய ஈர உலர் குமிழ் வெப்பமானி (ஒரு குமிழில் ஈரத் திரி சுற்றிய இரட்டை வெப்பமானி) கிடந்தால் தூக்கிப் போடாதீங்க. டிஜிட்டலைச் சரிபார்க்க அதுவே நல்ல துணை. உலர் 25, ஈரம் 22 என்றால் சுமார் 76 சதவீதம். ஆனால் நம்ம போர் தண்ணியை அதில் ஊற்றினால் திரியில் உப்பு படிந்து ஆவியாதல் குறையும், நிஜத்தைவிட ஈரம் கூடுதலாகத் தெரியும். மழைத் தண்ணியோ ஆர்.ஓ. தண்ணியோ ஊற்றி, திரியை அவ்வப்போது மாற்றணும்.

ப்ளீச்சிங் பவுடர் அடித்து மனையைச் சுத்தம் செய்யும் முன் மீட்டரைக் கழற்றி வெளியே வையுங்க. அந்த ஆவி சென்சாரைக் கெடுக்கும். ஒவ்வொரு வளர்ப்புக்கும் முன் உப்பு டப்பாவில் ஒருமுறை வைத்துப் பாருங்க. கழிக்க வேண்டிய எண் ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போனால் வேறு மீட்டர் வாங்கிக்கொள்ளலாம்.