பல ஆண்டு நின்ற புல்லட்: முதல் நாளில் செய்யக்கூடாதவை

மாட்டுத் தொழுவத்தின் மூலையில் தார்ப்பாய்க்குள் ஒன்பது ஆண்டு நின்றிருந்தது அப்பாவின் புல்லட். அதை வெளியே உருட்டி வந்ததும் நான் செய்த முதல் காரியம் கிக்கரில் ஏறி நின்றதுதான். அசையவில்லை. மச்சானைக் கூப்பிட்டேன், ஆள் தொண்ணூறு கிலோ. அவர் ஏறிக் குதித்தார். உள்ளே எங்கோ 'கடக்' என்று ஒரு சத்தம். கிக்கர் சல்லென்று இறங்கியது, எஞ்சின் மட்டும் சுற்றவில்லை. கிக்கர் பல்சக்கரத்தில் பல் போயிருந்தது. ஒன்பது ஆண்டு நின்றதில் வராத சேதம் ஐந்து நிமிடத்தில் வந்து சேர்ந்தது.

கிக்கர் இறங்கவில்லை என்றால், பெரும்பாலும் பிஸ்டன் ரிங்குகள் துருவேறி சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். பழைய 350 புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஈரக்காற்று பட்டால் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? பிளக்கைக் கழற்றி, எஞ்சின் ஆயிலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து இரண்டு மூன்று கரண்டி அந்த ஓட்டை வழியாக ஊற்றி, இரண்டு நாள் தொடாமல் விட வேண்டும். பிறகு நான்காவது கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும். நூலளவு அசைந்தால் போதும், மீதி தானாக வரும். ஒரு வாரமாகியும் வரவில்லையா, சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் வேலைதான். தெருப்பிள்ளைகளைத் திரட்டி இரண்டாவது கியரில் தள்ளிவிடுவது மட்டும் வேண்டாம். அந்த விசையெல்லாம் செயினிலும் கியர்பாக்ஸிலும் போய் விழும்.

கிளட்ச் பிளேட்டுகளும் ஒட்டிக்கொள்ளும். புல்லட்டில் கிக்கரின் விசை கிளட்ச் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது. அதனால் கிளட்சைப் பிடித்துக்கொண்டு உதைத்தால் கிக்கர் லேசாக இறங்க வேண்டும். அப்போதும் எஞ்சின் சேர்ந்து சுற்றினால் பிளேட்டுகள் ஒட்டியிருக்கின்றன என்று பொருள். இதைக் கவனிக்காமல் ஸ்டார்ட் செய்து முதல் கியர் போட்டவர்களின் வண்டி எதிர்ச் சுவரில்தான் நின்றிருக்கிறது.

அடுத்தது ஆயில். இதில் ஏமாறாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பழைய புல்லட்டில் ஆயிலுக்குத் தனி அறை உண்டு. அங்கிருந்து பம்ப் எடுத்துக் கொடுக்க, இன்னொரு பம்ப் திருப்பி அனுப்பும். வண்டி மாதக்கணக்கில் நின்றால், அறையில் இருக்கும் ஆயில் பம்ப்பின் இடுக்கு வழியாகக் கசிந்து எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். அளவுக்கோலை எடுத்துப் பார்த்தால் காய்ந்திருக்கும். 'ஐயோ, ஆயிலே இல்லையே' என்று ஒன்றரை லிட்டர் ஊற்றுவோம். ஆயில் எங்கேயும் போகவில்லை, கீழேதான் இருக்கிறது. ஸ்டார்ட் ஆனதும் சைலன்சர் ஊரையே மூடும் அளவுக்குப் புகை கக்கும், எஞ்சினின் மூச்சுக்குழாய் (பிரீதர்) வழியாக ஆயில் வழிந்து காலை நனைக்கும், எஞ்சின் போய்விட்டது என்று மெக்கானிக்கிடம் ஓடுவோம். முறையான வழி, அடியில் உள்ள ட்ரெயின் போல்ட்டுகளைக் கழற்றிப் பழைய ஆயிலை முழுக்க வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவது. பிறகு பிளக் இல்லாமலேயே இருபது முப்பது முறை கிக்கரை அழுத்தினால், காய்ந்து கிடக்கும் இடங்களுக்கு ஆயில் போய்ச் சேரும்.

பழைய பெட்ரோலின் மீது புதியதை ஊற்றி ஓட்டுவது இன்னொரு பழக்கம். மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள்: கெட்டுப்போன பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும். அந்தப் பிசின்தான் கார்புரேட்டரில் ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான பைலட் ஜெட்டை அடைக்கிறது. அடைப்பை ஊசியால் குத்தாதீர்கள். ஜெட் பித்தளை, ஓட்டை மயிரிழை. ஊசி பட்டு அகன்றால் வண்டி ஒருநாளும் ஒழுங்காக ஐடில் நிற்காது. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து எடுப்பதே நல்லது.

டேங்கின் உள்ளே துரு இருந்தால், கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றச் சொல்லும் அறிவாளி ஒருவர் எல்லா ஊரிலும் உண்டு. துரு போகும், கூடவே மெலிந்த தகடும் போகும், வழிந்த இடத்தில் பெயின்ட்டும் போகும். வினிகரோ சிட்ரிக் அமிலக் கரைசலோ ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால் போதும். அதன் பிறகு செய்ய வேண்டியதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, உடனே காயவைத்து, கொஞ்சம் ஆயில் விட்டுச் சுழற்ற வேண்டும். தண்ணீரோடு அப்படியே வைத்தால் மாலைக்குள் மறுபடி செம்மண் நிறம். துருவை உதிர்க்க நட்டுகளைப் போட்டுக் குலுக்குகிறவர்கள் எண்ணிப் போடுங்கள். நான் 25 போட்டேன், 24 வந்தன. மிச்சம் ஒன்று இன்றும் வேகத்தடைகளில் குரல் கொடுக்கிறது.

இப்போது நம் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். பழைய காலத்து ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் டேப்பின் வாஷரையும் உப்ப வைக்கும், விரிசல் விட வைக்கும். எனவே ரப்பர் சாமான்களைப் பார்க்காமல் விட வேண்டாம். சூடான எஞ்சினின் மேல் பெட்ரோல் சொட்டுவது விளையாட்டல்ல.

ஸ்டார்ட் செய்யுமுன் சைலன்சர் வாயில் விரலை விட்டுப் பாருங்கள். எங்கள் வண்டியில் குளவி மண்ணால் கூடு கட்டி மூடியிருந்தது. ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி, பஞ்சும் வைக்கோலும் சேர்த்துக் குடும்பமே நடத்தியிருந்தது. இரண்டு ஒயர்களின் தோலும் அதற்கு இரையாகியிருந்தன.

தீப்பொறி வராவிட்டால் உடனே காயிலை மாற்றச் செலவு செய்யாமல், தீப்பொறிக்கான மின்சாரத்தைத் துண்டித்துத் துண்டித்து விடும் தொடுமுனையான பாயிண்ட்டைப் பாருங்கள். அதன் முகத்தில் வெளிர் படலம் படிந்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைத்தால் பல வண்டிகள் பேசிவிடும். செத்த பேட்டரிக்கு, ஓடிக்கொண்டிருக்கும் காரிலிருந்து ஒயர் இழுக்காதீர்கள். பழைய மாடல்களில் 6 வோல்ட் வண்டிகளும் உண்டு, காரின் 12 வோல்ட் அவற்றுக்கு ஆகாது.

டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேல்தடிப்பு) நன்றாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1608 என்றால் 2008-ஆம் ஆண்டின் 16-ஆவது வாரத்தில் தயாரானது. ஓரம் வெடித்திருந்தால் டியூபோடு மாற்றிவிடுங்கள். பிரேக் டிரம்மையும் திறந்து பாருங்கள். லைனிங் பசை விட்டுக் கழன்றால் ஓடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

பெயின்ட் அடிக்கும் ஆசையில் சேஸிஸ் எண்ணைத் தேய்த்துவிடாதீர்கள். பதிவு 15 ஆண்டுக்குத்தான். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அங்கே அந்த எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பார்கள். பெயின்ட்டுக்கு அடியில் எண் புதைந்திருந்தால் விளக்கம் சொல்லி மாளாது.

கடைசியாக உதை. சிலிண்டருக்குள் சேரும் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை மெல்ல இறக்கி, அழுத்தம் வரும் இடத்தைச் சற்றே தாண்டி, லீவரை விட்டுவிட்டு ஒரே உதை. கண்டபடி உதைத்தால் கிக்கர் எகிறித் திருப்பி அடிக்கும். கணுக்காலோடு கணக்கு முடியும். கிளம்பியதும் ஆக்சிலரேட்டரை முறுக்கிக் கொண்டாட வேண்டாம். எங்கள் வண்டி முதல் நாள் ஊர் எல்லை அய்யனார் கோயில்வரை போய்த் திரும்பியது. இரவு அடியில் பழைய நாளிதழை விரித்து நிறுத்தினேன். காலையில் பார்த்தால் ஆறு சொட்டு ஆயில். மெக்கானிக் அண்ணனைக் கூட்டிவந்து காட்டினேன், குனிந்து பார்த்துவிட்டு, "இதற்கா தம்பி கூப்பிட்டீர்கள்?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.