மோசமான அணிகளின் நகரம் எது? இந்த விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025ஆம் ஆண்டு ஐபிஎல் சீசனில் சென்னை சூப்பர் கிங்ஸ் 14 ஆட்டங்களில் நான்கை மட்டுமே வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாகப் புள்ளிப்பட்டியலின் கடைசி இடத்தில் முடித்தது. 2008க்குப் பிறகு சேப்பாக்கத்தில் சென்னையை வெல்லவே முடியாமல் இருந்த பெங்களூரு அணி, அதே சீசனில் இங்கு வந்து 50 ரன் வித்தியாசத்தில் வென்றதோடு, பதினெட்டாவது முயற்சியில் தன் முதல் கோப்பையையும் கைப்பற்றியது. வெளியூர் நண்பர்கள் கேலி செய்தால் ஐந்து கோப்பைகளைச் சொல்லிப் பேச்சை முடித்துவிடுவது சென்னைக்காரர்களின் வழக்கம். அந்த ஆண்டுக்குப் பிறகு அது செல்லுபடியாகவில்லை. இந்தியாவிலேயே மோசமான விளையாட்டு அணிகளைக் கொண்ட நகரம் எது என்ற கேள்வி, பெங்களூரு, டெல்லி, கேரளம் எனப் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து வேலை செய்யும் பழைய மாமல்லபுரம் சாலை அலுவலகங்களில் எளிதாகக் கிளம்பிவிடுகிறது.

இதை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு நகரம் தன் அணிகளிடம் எதை எதிர்பார்க்கிறது, எதைப் பொறுத்துக்கொள்கிறது, எதற்குக் கணக்குக் கேட்கிறது என்பதெல்லாம் இதில் அடங்கியிருக்கிறது. ஆனால், எதை வைத்து அளப்பது என்று முடிவு செய்யாமலேயே பெரும்பாலோர் அளக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கால் மணி நேரத்தில் விவாதம் ஊர்ப் பெருமைச் சண்டையாக மாறிவிடுகிறது.

முதலாவதும் மிகப் பெரியதுமான தவறு, ஒரே ஒரு அணியை நகரமாக எடுத்துக்கொள்வது. சென்னையில் இது ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மஞ்சள் சட்டை அணி வென்றால் சென்னை வென்றது, தோற்றால் சென்னை தோற்றது என்று பேசுகிறவர்கள், பெரியமேடு நேரு விளையாட்டரங்கில் ஆடும் சென்னையின் எஃப்சி கால்பந்து அணி 2015இலும் 2017-18இலும் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையை வென்றதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 2017இல் பிரீமியர் பேட்மின்டன் லீக்கை வென்ற சென்னை ஸ்மாஷர்ஸ், 2019இல் புரோ வாலிபால் லீக்கை வென்ற சென்னை ஸ்பார்ட்டன்ஸ், அதே ஆண்டில் டேபிள் டென்னிஸ் லீக்கை வென்ற சென்னை லயன்ஸ் ஆகிய அணிகளுக்கும் இதே கதிதான். மறுபக்கத்தில், கபடியில் தமிழ் தலைவாஸ் பல சீசன்களாகத் தோற்றுக்கொண்டிருந்தபோதும் நகரத்தின் பெருமை குறைந்ததாக யாரும் பேசவில்லை. டெல்லிக்கும் இதே அநீதி நேர்கிறது. ஐபிஎல்லில் கோப்பையே வெல்லாத நகரம் என்று அதை முன்வரிசையில் நிறுத்துகிறவர்கள், புரோ கபடியின் எட்டாவது சீசனை தபாங் டெல்லி வென்றதை மறந்துவிடுகிறார்கள்.

எந்தெந்த லீக்குகள் சேரும் என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். கிரிக்கெட், கால்பந்து, கபடி மூன்றையும் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்பேன். நிலையாக நடக்காத லீக்குகளை, அவற்றின் கோப்பைகளைப் பாராட்டிவிட்டு, ஓரமாக வைத்துவிடலாம்.

அதோடு ஒட்டியே வருவது, பெயரை நம்பி ஊரைத் தீர்மானிக்கும் தவறு. பஞ்சாப் கிங்ஸ் ஒரு நகரத்தின் அணி இல்லை. அதன் தோல்விகளை எந்த ஊரின் தலையில் ஏற்றுவது? சென்னை சிட்டி எஃப்சி என்ற இன்னொரு கால்பந்து அணி 2018-19இல் ஐ-லீக் என்ற தொடரை வென்றபோது அதன் சொந்த மைதானம் கோவை நேரு விளையாட்டரங்கம். வாரந்தோறும் வந்து கத்தி ஆதரித்தவர்கள் கோவை மக்கள். அந்தக் கோப்பையைச் சென்னையின் கணக்கில் எழுதுவது பெயரளவில் சரி, நியாயப்படி தவறு. நியூயார்க் என்ற பெயரோடு அமெரிக்கக் கால்பந்து ஆடும் ஜெட்ஸ், ஜயன்ட்ஸ் ஆகிய இரு அணிகளும் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில்தான் தங்கள் சொந்த ஆட்டங்களை ஆடுகின்றன.

அடுத்தது கால அளவு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலுக்குச் சரி. ஒரு சீசனை மட்டும் எடுத்து ஒரு நகரத்தின் மீது தீர்ப்புச் சொல்ல அது உதவாது. 2023 வரை தான் பங்கேற்ற 14 ஐபிஎல் சீசன்களில் சென்னை அணி 12இல் பிளே ஆஃப் சுற்றுக்கும், 10இல் இறுதிப்போட்டிக்கும் சென்றது. அப்படிப்பட்ட அணியை ஒரு கடைசி இடத்தை வைத்து மோசமான அணி என்று சொல்லிவிட முடியாது. சென்னையின் எஃப்சி இன்னும் தெளிவான சான்று: நடப்புச் சாம்பியனாக 2018-19 சீசனைத் தொடங்கிய அந்த அணி, 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டுமே பெற்றுக் கடைசி இடத்தில் முடித்தது, அதற்கு அடுத்த சீசனிலேயே மீண்டும் இறுதிப்போட்டிக்கு வந்தது. மூன்று சீசன்களில் எந்த ஒன்றைத் தனியாக எடுத்தாலும் தவறான முடிவுக்கே வருவோம்.

அதேபோல, காலத்தை அளவுக்கு மீறி நீட்டுவதும் சரியாகாது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரம் 1964 முதல் 2016 வரை 52 ஆண்டுகள் அந்நாட்டின் முக்கிய லீக்குகளில் ஒரு பட்டத்தையும் பார்க்கவில்லை. அங்குள்ள பிரவுன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி 2017இல் 16 ஆட்டங்களில் பதினாறையும் தோற்றது. இத்தகைய நீண்ட வறட்சியை, 2008இல் பிறந்த ஐபிஎல்லோடும் 2014இல் பிறந்த ஐஎஸ்எல்லோடும் நேருக்கு நேர் வைப்பது பொருந்தாது. இந்திய நகரங்களை ஒப்பிடுகையில் பத்து ஆண்டு அளவே தகுந்ததாக எனக்குப் படுகிறது. அணியின் உரிமையாளர், பயிற்சியாளர், வீரர்கள் எல்லோரும் ஒரு முறையாவது மாறியிருக்கக்கூடிய காலம் அது. அதற்குள்ளும் நிலை மாறவில்லை என்றால் கோளாறு நிர்வாகத்தில் இருக்கிறது என்று சொல்ல இடமுண்டு.

கோப்பைகளை மட்டும் எண்ணுவது மிகவும் பரவலான தவறு. அதிலேயே ஒரு கிளைத் தவறாக, இறுதிப்போட்டியில் தோற்ற அணியைக் கடைசி இடத்து அணியைவிட மோசமாகப் பேசும் பழக்கமும் இருக்கிறது. பெங்களூரு அணி 2009, 2011, 2016 ஆகிய மூன்று ஆண்டுகளில் இறுதிப்போட்டி வரை வந்து தோற்றது. கேரளா பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022 ஆகிய ஆண்டுகளில் ஐஎஸ்எல் இறுதிப்போட்டியில் தோற்றது. அமெரிக்கக் கால்பந்தில் பஃபலோ பில்ஸ் அணி 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு சூப்பர் பவுல் இறுதிப்போட்டிகளில் தோற்றது. தொடர்ந்து நான்கு முறை இறுதிக்கு வந்த அணியை இன்றுவரை தோல்விக்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள். இவை ரசிகர்களின் நெஞ்சை அறுத்த அணிகள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வலி வேறு, தரம் வேறு. மிகவும் வருந்திய நகரம் எது என்பது ஒரு கேள்வி. மிகவும் மோசமாக ஆடிய அணிகளின் நகரம் எது என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் குழப்பினால், லீக் சுற்றையே தாண்டாத அணிகள் யார் கண்ணிலும் படாமல் தப்பித்துவிடும்.

லீக்கின் அளவைப் பாராமல் வறட்சியை ஒப்பிடுவது பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த விவாதத்தில் எளிய கணக்குக் கைகொடுக்கும் இடம் இது ஒன்றுதான். எல்லா அணிகளும் சம வலுவுள்ளவை என்று வைத்துக்கொள்வோம். எட்டு அணிகள் ஆடும் லீக்கில் ஓர் அணி 17 ஆண்டுகள் தொடர்ந்து கோப்பையின்றி இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து. அதாவது வெறும் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு அது அரிது. 32 அணிகள் ஆடும் அமெரிக்கக் கால்பந்து லீக்கிலோ, ஓர் அணி 22 ஆண்டுகள் பட்டம் இல்லாமல் இருப்பதற்கான வாய்ப்பே ஏறக்குறைய நூற்றுக்கு ஐம்பது. அங்கே இருபது ஆண்டு வறட்சி என்பது இயல்பு. இங்கே அது நிர்வாகத்தைக் கேள்வி கேட்க வேண்டிய செய்தி. ஐபிஎல் இப்போது பத்து அணிகளாக விரிந்திருப்பதால், இனி வரும் வறட்சிகளைக் கொஞ்சம் பொறுமையோடு அளக்க வேண்டும்.

தோல்விக்குப் பரிசு தரும் லீக்குகளும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. அமெரிக்கக் கூடைப்பந்தில் பின்தங்கிய அணிக்கே அடுத்த ஆண்டின் இளம் வீரர்களை முன்னதாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கிடைப்பதால், சில அணிகள் திட்டமிட்டே பலவீனமான வீரர்களை இறக்கிச் சில ஆண்டுகளைக் கடத்துகின்றன. ஐபிஎல்லிலும் புரோ கபடியிலும் ஏலமே வழி என்பதால், இங்கே கடைசி இடத்தில் முடிப்பதற்கு அத்தகைய ஆதாயம் எதுவும் இல்லை.

துரதிர்ஷ்டத்தையும் திறமைக் குறைவையும் பிரித்துப் பார்க்கத் தமிழ் தலைவாஸைவிட நல்ல பாடம் இல்லை. 2017இல் புரோ கபடியில் நுழைந்த அந்த அணி, முதல் இரண்டு சீசன்களில் தன் பிரிவிலும், மூன்றாவது சீசனில் மொத்தப் பன்னிரண்டு அணிகளிலும் கடைசியாக முடித்தது. மூன்று முறை தொடர்ந்து நடந்ததைத் தற்செயல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிறகு 2022இல் நட்சத்திர வீரர் பவன் செராவத்தை அப்போதைய சாதனை விலையான 2.26 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தார்கள். அவர் முதல் ஆட்டத்திலேயே காயமடைந்து வெளியேறினார். அது துரதிர்ஷ்டம். ஆயினும் அதே சீசனில், பெரிதாகப் பேசப்படாத இளம் வீரர்களைக் கொண்டு அணி முதன்முறையாக அரையிறுதிக்குச் சென்றது. முந்தைய சீசன்களில் வராத வெற்றி, நட்சத்திர வீரர் இல்லாமலேயே வந்தது எப்படி என்று ஆராய்வதுதான் நல்ல விவாதம். கபடி பிறந்து வளர்ந்த மண் என்று சொல்லிக்கொள்ளும் மாநிலத்தின் அணி இதுவரை ஒரு இறுதிப்போட்டியைக்கூட எட்டவில்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. சென்னையின் குறை என்று யாராவது சுட்டிக்காட்ட விரும்பினால், கிரிக்கெட்டை விட்டுவிட்டு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இல்லாமல் போன அணிகளைக் கணக்கில் எடுக்காமல் விடுவது, இத்தனை தவறுகளிலும் என்னை அதிகம் உறுத்துவது. புனே நகரத்தைப் பாருங்கள். ஐபிஎல்லில் புனே வாரியர்ஸ் 2011 முதல் 2013 வரை ஆடிவிட்டு மறைந்தது. சென்னையும் ராஜஸ்தானும் தடை செய்யப்பட்டிருந்த இரண்டு ஆண்டுகளை நிரப்ப வந்த ரைசிங் புனே, 2017 இறுதிப்போட்டியில் ஒரே ஒரு ரன்னில் தோற்று, அத்தோடு கலைந்தது. கால்பந்தில் எஃப்சி புனே சிட்டி 2019இல் மூடப்பட்டு, அதன் இடத்தை ஐதராபாத் பெற்றது. அதே ஆண்டில் டெல்லி டைனமோஸ் புவனேசுவரத்துக்கு இடம் மாறி ஒடிசா எஃப்சி ஆனது. கொச்சிக்குக் கிடைத்த ஐபிஎல் அணி ஒரே ஒரு சீசன்தான் ஆடியது. இந்த அணிகள் எதுவும் இன்றைய புள்ளிப்பட்டியலில் இல்லாததால், அந்த நகரங்கள் விவாதத்தில் இலகுவாகத் தப்பிவிடுகின்றன. அமெரிக்காவின் ஓக்லாந்து நகரத்தில் ஆடிய வாரியர்ஸ் கூடைப்பந்து அணி 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றது. 2019இல் அந்த அணி சான் பிரான்சிஸ்கோவுக்கும், 2020இல் ரெய்டர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி லாஸ் வேகாசுக்கும் போய்விட, 2024 சீசனோடு பேஸ்பால் அணியும் வெளியேறியது. கோப்பைகளை எண்ணினால் ஓக்லாந்து மேலே நிற்கும். கடைசி இடத்தில் முடித்த அணிக்கு அடுத்த ஆண்டு உண்டு. போய்விட்ட அணியின் ரசிகருக்கு அதுவும் கிடையாது. ஆகவே மோசமான நகரங்களின் வரிசையில், தோற்ற ஊர்களுக்கு மேலாகக் கைவிடப்பட்ட ஊர்களையே நான் வைப்பேன். புனேரி பல்டன் 2024இல் புரோ கபடிக் கோப்பையை வென்றது மட்டுமே புனேவை அந்த வரிசையின் முதலிடத்திலிருந்து காப்பாற்றுகிறது.

அணியின் குறையை ஊர் மக்களின் தலையில் கட்டுவதும் தவறு. 2018இல் காவிரிப் போராட்டத்தின்போது சென்னையின் சொந்த ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. ரசிகர்கள் தனி ரயிலில் அங்கே சென்று அணியை ஆதரித்தார்கள், அணி அந்த ஆண்டு கோப்பையையும் வென்றது. ஆதரவு இருந்தும் தோற்ற அணிகளும் உண்டு. கேரளா பிளாஸ்டர்ஸுக்குக் கொச்சியில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர் எவரும் அந்த அணியின் கோப்பையின்மைக்கு ரசிகர்களைக் காரணம் சொல்ல மாட்டார். விவாதம் மொழியையும் மாநிலத்தையும் பழிக்கும் பக்கம் திரும்பினால் அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

கடைசியாக, பெண்கள் அணிகளை விட்டுவிடும் பழக்கம். ஆண்கள் அணி பதினாறு சீசன்களாகக் காத்திருந்தபோது, பெங்களூரு கிரிக்கெட் அணியின் பெயரில் முதல் கோப்பையை 2024இல் மகளிர் அணிதான் வென்று கொடுத்தது. மகளிர் பிரீமியர் லீக்கின் முதல் மூன்று சீசன்களிலும் டெல்லி இறுதிப்போட்டிக்கு வந்தது. மூன்றிலும் தோற்றாலும், அந்த நகரத்தின் கிரிக்கெட்டை மோசம் என்று சொல்வோருக்கு அதுவே மறுப்பு. 2023இல் ஐந்து அணிகளோடு தொடங்கிய அந்த லீக்கில் சென்னைக்கு அணியே இல்லை. அந்த வரிசையில் சென்னைக்குச் சுழியம்தான் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அணி இல்லையே, அதனால் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்ற சமாதானத்தை நான் ஏற்கவில்லை. தமிழ்நாட்டின் இளம் விக்கெட் கீப்பர் கமலினியை 2024 டிசம்பர் ஏலத்தில் 1.60 கோடி ரூபாய்க்கு எடுத்தது மும்பை. 2025இல் அவர் ஆடிய அணி கோப்பையை வென்றது, அது மும்பையின் கணக்கில் சேர்ந்தது.